மகிந்திரா ஜீப்பின் முன்சக்கர பேரிங்: இரண்டு செட், 6 ஆண்டு அனுபவம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்கு வாரம் மூன்று முறை ஏறி இறங்கும் என் பழைய மகிந்திரா சிஜே 500டி ஜீப்பில், கடந்த 6 ஆண்டுகளில் முன்சக்கர பேரிங்குகளை (சக்கரம் உரசலின்றிச் சுற்ற உதவும் உருளை வளையங்கள்) இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதலில் போட்ட செட் 7 மாதத்தில் போய்விட்டது. அடுத்துப் போட்டது 5 ஆண்டுகளைத் தாண்டி, சுமார் 55,000 கி.மீ. ஓடி, இன்றும் அதே ஹப்பில் (சக்கரத்தின் நடுக்கூடு) இருக்கிறது. இரண்டு முறையும் வாங்கியது ஒரே கம்பெனி, ஒரே எண். மாறியது பூட்டிய விதம் மட்டும்தான்.

தேய்மானம் முதலில் சத்தமாகத்தான் வெளிப்பட்டது. பெரிய பட்டன் போட்ட டயர் எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும் என்பதால் நான் அதைப் பல வாரங்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் மெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில், வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் முனகல் உறுமலாகி, இடப்பக்கம் திரும்பியதும் அடங்குவதைக் கவனித்தபோது சந்தேகம் வந்தது. வலப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். எனவே கோளாறு இடது பேரிங்கில் என்று பொருள். ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தபோது நன்றாகவே ஆட்டம் இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் தேய்ந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும் என்பதால், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைத்துப் பார்க்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். எனக்கு நின்றுவிட்டது.

நான்கு சக்கர இயக்கத்தைப் போடாமல் ஓட்டினால் முன்பக்கம் தேயாது என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். முன் ஆக்சிலைச் சக்கரத்தோடு இணைக்கும் ஃப்ரீ வீல் ஹப்பைத் திறந்துவிட்டால் ஆக்சில் கம்பி சுற்றாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் பேரிங் சக்கரத்தோடு சேர்ந்து எப்போதும் சுற்றிக்கொண்டும் பாரம் சுமந்துகொண்டும்தான் இருக்கும்.

மகிந்திரா ஜீப்புக்கு மூலமான அமெரிக்க வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து வரும் அமைப்பு இது. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என ஒரே அளவுள்ள இரண்டு கூம்பு உருளை பேரிங்குகள் உண்டு. உருளைகள் பதிந்த உள்வளையமான கோனின் எண் 18590, அது உட்காரும் வெளிவளையமான கப்பின் எண் 18520. அதாவது இரண்டு பக்கத்துக்கும் நான்கு பேரிங்குகளும், கிரீஸ் வெளியேறாமலும் தண்ணீர் நுழையாமலும் தடுக்கும் இரண்டு ஆயில் சீல்களும் தேவை. முதல் முறை நான் சீல் வாங்கவில்லை. பழையது பார்வைக்கு நன்றாக இருந்ததால் அதையே தட்டி உட்காரவைக்கச் சொன்னேன்; அது என் கஞ்சத்தனம். பூட்டியவர் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் பெரிய நட்டுக்குரிய பாக்ஸ் ஸ்பேனர் இல்லாமல் உளியையும் சுத்தியலையும் கொண்டே அதை இறுக்கினார். சக்கரம் கனமாகச் சுற்றுகிறதே என்று கேட்டதற்கு, “லூசா விட்டா ஆடும் தம்பி, ஓட ஓடச் சரியாகிடும்” என்றார். ஓட ஓட அது சரியாகவில்லை.

7 மாதம் கழித்துப் பிரித்தபோது கிரீஸ் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது. மலையிறங்கிச் சூடாயிருக்கும் ஹப்பை ஓடைத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, தளர்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உள் கோனின் உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன. கப்பின் உட்புறம் அம்மைத் தழும்புபோலப் பொரிந்து, நகத்தால் தடவினாலே இடறியது.

இரண்டாம் முறை நானே இறங்கினேன்.  நட்டின் அளவு 2 அங்குலத்துக்கு மேல் அரைக்கால் (1/8), அதாவது ஏறக்குறைய 54 மி.மீ. அதற்கேற்ற ஸ்பேனர் ஒன்றை லேத் பட்டறையில் செய்துகொண்டேன். பழைய கப்புகளைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தேன். புதிய கப் இறங்கும்வரை அடி மந்தமாகவே கேட்கும். அடிவரை உட்கார்ந்ததும் கணீரென்று மாறும். அந்தக் கணீர் வராமல் நிறுத்தக் கூடாது. உள்ளங்கையில் கிரீஸை அள்ளி, கோனின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளின் இடையிலிருந்து புழுவைப்போல நெளிந்து வரும்வரை நிரப்பினேன். ஒரு கோனுக்கே பத்து நிமிடம் பிடித்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பேரிங்கைப் பிடிக்கும் உள்நட்டை இறுக்கும் அளவு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அது பிடித்து நிற்கும் நிலைக்கு வந்ததும் ஆறில் ஒரு சுற்று பின்வாங்க வேண்டும். நட்டுக்கு ஆறு பட்டை என்பதால் இது சரியாக ஒரு பட்டை. சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் தவறாது. அடுத்து வாஷர், வெளி லாக் நட். லாக் நட்டை இறுக்கும்போது அது உள்நட்டைச் சற்று உள்ளே தள்ளிவிடும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே அதன் பிறகும் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா, ஆட்டம் இல்லையா என்று பார்த்த பிறகே வாஷரின் விளிம்பை மடித்தேன். இடது பக்கத்துக்கு மட்டும் மூன்று முறை அவிழ்த்துப் பூட்ட வேண்டியிருந்தது.

500 கி.மீ. ஓட்டியபின் மீண்டும் தூக்கிப் பார்த்தபோது வலது பக்கத்தில் மட்டும் மெல்லிய ஆட்டம் தெரிந்ததால், அதைத் திருத்தினேன். அதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் பிரித்து, டீசலில் கழுவி, கிரீஸ் மாற்றுகிறேன். மலையிறங்கியதும் இரண்டு ஹப்பின் நடுவிலும் கை வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. டிரம்மைத் தொட்டுப் பயனில்லை, அது பிரேக் சூடு. சென்ற முறை பிரித்தபோது இடது உள் கோனில் மயிரிழை அளவுக்கு ஒரு மங்கல் கோடு இருந்தது. நகத்துக்கு அது இடறவில்லை. சீல்களை மட்டும் மாற்றிவிட்டு, அந்தக் கோனை அதே கப்பில் உட்காரவைத்தேன்.