கீழ்த்தட்டுக்கு வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, வயரா?

மலையகத்து டவுன்களில் ரோட்டோர வீடுகளை முன்னால் நின்று பார்த்தால் ஒரு தட்டுத்தான் தெரியும். பின்பக்கம் போனால் பள்ளத்துக்குள் இன்னும் ஒன்றோ இரண்டோ தட்டு இறங்கியிருக்கும். ஹட்டனில் எங்கள் வீடும் அந்தச் சாதிதான். ஃபைபர் லைன் ரோட்டுக் கம்பத்திலிருந்து மேல்தட்டு முன்னறைக்குள் வருகிறது, ரவுட்டரும் அங்கேயே சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனால் தங்கச்சி படிப்பதும் அம்மா பொழுதுக்கும் இருப்பதும் கீழே. இரண்டுக்கும் நடுவில் கம்பி கட்டிப் போட்ட கொன்கிரீட் சிலப். கீழறையின் ஒரு பக்கம் மண்ணைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவர். மேலே எல்லாம் பறக்கும், கீழே ஏ.எல். ஸூம் வகுப்பில் சேரின் முகம் பாதியில் உறைந்து நிற்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று வழி உண்டு. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற, சுவர் பிளக்கில் குத்தும் ரிப்பீட்டர், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு மூன்று பெட்டிகளாக வரும் மெஷ், மேலிருந்து கீழே ஒரு வயர் இழுத்து அதன் நுனியில் இன்னொரு ரவுட்டர். நான் வயரைத்தான் எடுத்தேன். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

காசு செலவழிக்குமுன் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுப்பது, டிவிக்கும் பிரிட்ஜுக்கும் பக்கத்தில் வைக்காதது, முடிந்தால் படிக்கட்டு வாய்க்கு நகர்த்துவது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சிலப்பைக் கண்டால் படுத்துவிடும். தோட்டத்து லயத்தில் இருக்கும் என் சித்தப்பா வீட்டுக்கு இந்த மூன்றில் எதுவுமே தேவையில்லை. இரண்டு காம்பரா, ஒரு குசினி, நடுவில் ஒரு 4ஜி ரவுட்டர், அவ்வளவுதான். அங்கே பிரச்சினை வீட்டுக்குள் இல்லை, தகரக் கூரையைத் தாண்டி டவர் சிக்னல் உள்ளே வருவதில்தான். டவர் இருக்கும் மலையைப் பார்த்த ஜன்னலோரம் வைத்தால் பாதி சரியாகிவிடும்.

இனி ரிப்பீட்டர். மூன்றிலும் மலிவு இதுதான், டவுனில் போன் கடையிலேயே கிடைக்கும். ஒரே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும், ஏனென்றால் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. அதைவிட இடம்தான் சிக்கல். சிக்னல் செத்த அறையில் கொண்டுபோய்க் குத்தினால் பயனில்லை. செத்த சிக்னலைத்தான் அதுவும் திருப்பிச் சொல்லும். பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பாதி வழி படிக்கட்டின் திருப்பம். அங்கே பிளக் பொயின்ட் கிடையாது. எக்ஸ்டென்ஷன் கோட் இழுத்து வைக்கலாம்தான், ஆனால் அம்மா தேநீர்த் தட்டோடு ஏறி இறங்குகிற படி அது.

மெஷ்ஷை நான் சொந்தமாக வைத்திருக்கவில்லை. பண்டாரவளையில் மாமா மகன் வீட்டில் இரண்டு பெட்டிகளைப் பொருத்திக் கொடுத்தேன், அங்கே போய்த் தங்கும்போது பாவிக்கிறேன், என் அனுபவம் அந்த அளவுக்குத்தான். போன் செயலியில் படிப்படியாகக் கேட்கிறதற்குப் பதில் சொன்னால் வேலை முடிந்தது. வீடு முழுக்க ஒரே பெயர். அறை மாறும்போது எந்தப் பெட்டி நல்லது என்று போனுக்கு அதுவே வழிகாட்டும், வீடியோ கால் அறுவதில்லை. அவர்கள் வீடு ஒரே மட்டத்தில் நீளமாகக் கிடக்கும் பழைய பங்களா மாதிரி, கதவுகள் நேருக்கு நேர். அந்த வீட்டுக்கு அது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் மெஷ் பெட்டிகளும் தமக்குள் காற்றில்தான் பேசுகின்றன. நடுவில் சிலப் வந்தால், விலை கூடிய பெட்டி என்பதற்காகக் கொன்கிரீட் வழிவிடாது. மெஷ்ஷுக்கும் பின்னால் வயர் கொடுக்கலாம், பெரும்பாலானவை ஏற்கும். ஆனால் வயர் இழுப்பதென்று முடிவெடுத்த பிறகு, பெட்டிக்கு அவ்வளவு காசு போட வேண்டுமா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இவ்வளவும் வேகம் பற்றிய கதை. வேகத்தை மட்டும் பார்த்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேன். என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: வீட்டில் இதைத் திருத்த ஆள் இல்லை. நான் வேலைக்குக் கொழும்பில். தங்கச்சிக்குப் பரீட்சை. ஹட்டன் பக்கம் கரண்ட் போய் வருவதற்கு மழைக்காலம் வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு கருப்பந்தேயிலை மரக்கிளை போதும். போய் வந்ததும் எல்லாம் தானாக எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் இப்படி ஒரு கோல் வரும்:

“தம்பி, லைட்டெல்லாம் எரியுதுப்பா. ஆனா போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.”

“எந்த லைட் அம்மா? பச்சையா சிவப்பா?”

“எல்லாந்தான் எரியுது.”

இதற்கு மேல் கொழும்பிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

கரண்ட் வரும்போது நடப்பது இதுதான். ரிப்பீட்டர் சின்னச் சாமான், சீக்கிரம் எழும்பிவிடும். ஃபைபர் ரவுட்டர் லைனைப் பிடித்து, கணக்கைச் சரிபார்த்து, இன்டர்நெட் கொடுக்கச் சில நிமிடம் எடுக்கும். அந்த இடைவெளியில் பல ரிப்பீட்டர்கள் மேலே தொடர்பில்லாமலே தம் பெயரை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். போனும் நம்பி ஒட்டிக்கொள்ளும். பிறகு ரவுட்டர் எழும்பி, தன்னிச்சையாகச் சனலை, அதாவது தான் பேசும் அலைவரிசை எண்ணை, மாற்றியிருந்தால், ரிப்பீட்டர் மறுபடி தேட வேண்டும். அநேகமாகக் கண்டுபிடிக்கும். அந்த ‘அநேகமாக’ என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று: மேல் ரவுட்டரின் கடவுச்சொல்லை யாராவது மாற்றினால் ரிப்பீட்டரின் கதை அன்றோடு முடிந்தது, திரும்பவும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிடுகிற எங்கள் தெருவில் இது அடிக்கடி நடக்கிற காரியம். மெஷ்ஷில் இந்தத் தொல்லை இல்லை, ஒரு பெட்டியில் மாற்றினால் மற்றதுக்கும் தானாகப் போய்விடும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வயரின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ரவுட்டருக்கோ யாரையும் தேடிப் பிடிக்கும் வேலையே இல்லை. அது வெறும் பாலம். மேலே எப்போது எழும்புகிறதோ அப்போது இங்கும் இன்டர்நெட். கடவுச்சொல்லை மேலே மாற்றினாலும் கீழே பழையதோடு ஓடிக்கொண்டிருக்கும். மேல் ரவுட்டர் இன்னும் எழும்பாதபோது ஒட்டிக்கொண்ட போன் சில நேரம் முகவரி கிடைக்காமல் முழிக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் தீரும். அதை அம்மாவே செய்வார்.

கரண்ட் இல்லாத நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் என்ற சின்ன பேட்டரிப் பெட்டி வைக்கிற பழக்கம் பரவலானது. ஃபைபர் லைன் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் பேட்டரி இருக்கிற வரை உயிரோடுதான் இருக்கும், நம் ரவுட்டருக்குத்தான் கரண்ட் வேண்டும். பெரும்பாலான ரவுட்டர்கள் அடாப்டரில் 12 வோல்ட்டில் ஓடுவதால் மினி யூபிஎஸ்ஸில் நேரே செருகலாம். சுவரில் குத்துகிற ரிப்பீட்டருக்கு அப்படி ஒரு துளையே கிடையாது, அது 230 வோல்ட்டைத்தான் கேட்கும். கரண்ட் போனால் மேல்தட்டு வெளிச்சம், கீழ்த்தட்டு இருட்டு. பழைய ரவுட்டரைக் கீழே வைத்தால் அதற்கும் ஒரு மினி யூபிஎஸ் போட்டு விடலாம். ஆனால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். டெலிபோன் லைனில் இன்டர்நெட் வந்த காலத்துப் பழைய ஏடிஎஸ்எல் பெட்டிகளில் 9 வோல்ட்டும் உண்டு.

அந்தப் பழைய ஏடிஎஸ்எல் பெட்டியைத்தான் நான் கீழே வைத்தேன். ஃபைபர் வந்த வீடுகளில் அது அலுமாரி மேல் தூசி பிடித்துக் கிடக்கும், விற்கப் போனால் தேநீர்க் காசும் தேறாது. டெலிபோன் லைன் துளையை மறந்துவிடுங்கள், லேன் துளைகளும் (வீட்டுக்குள் வயர் செருகும் துளைகள்) வைஃபையும் வேலை செய்தால் போதும். அநேகமாக 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், வயர் வழியே 100 எம்பிபிஎஸ் மட்டும். ஸூம் வகுப்புக்கும் யூடியூப்புக்கும் அது தாராளம்.

அமைக்கும் முறை, வரிசை மாறாமல்: முதலில் மேல் ரவுட்டரோடு இணைக்காமல் பழைய பெட்டியை மட்டும் லேப்டொப்பில் வயரால் இணையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, அநேகமாக 192.168.1.1, பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். வைஃபை பெயர், கடவுச்சொல், டபிள்யூபிஏ2 பாதுகாப்பு எல்லாம் போடுங்கள். சனலை ‘ஓட்டோ’வில் விடாமல் மேலே 1 என்றால் கீழே 6 அல்லது 11 வையுங்கள், 2.4இல் ஒன்றோடொன்று மோதாத மூன்று சனல் இவைதான். அடுத்து அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், மேல் ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்தால். மேல் ரவுட்டர் போன்களுக்குப் பங்கிடும் எண்களுக்குள் இந்த 2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது முகவரியில் மறுபடி நுழைந்து கடைசியாக டிஎச்சிபியை, அதாவது போன்களுக்கு முகவரி பங்கிடும் வேலையை, அணையுங்கள். பிறகு மேலிருந்து வரும் வயரை லேன் துளையில் செருகுங்கள், வெளி இன்டர்நெட் லைனுக்கான ‘வான்’ (WAN) துளையில் அல்ல.

டிஎச்சிபியை அணைப்பதை விட்டுவிட்டால் ஒரு வீட்டில் இரண்டு பேர் முகவரி பங்கிடுவார்கள். சில போன் மேல் பெட்டியிடம் வாங்கும், சில கீழ்ப் பெட்டியிடம் வாங்கி வழி தெரியாமல் நிற்கும். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது; காரணம் யாருக்கும் விளங்காது. கொஞ்சம் புது ரவுட்டராக இருந்தால் ‘அக்சஸ் பொயின்ட்’ என்ற ஒரே தெரிவு இருக்கும், அதை அழுத்தினால் இந்த வேலையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பெயர் ஒன்றாகவா, இரண்டாகவா? ஒரே பெயர் வைத்தால் கீழே இறங்கிய பிறகும் சில போன்கள் மேல் ரவுட்டரின் ஒற்றைக் கோடு சிக்னலையே பிடித்துத் தொங்கும். இந்த இடத்தில் மெஷ் உண்மையிலேயே கெட்டிக்காரன். நான் இரண்டு பெயர் வைத்தேன், ‘மேல்’ என்றும் ‘கீழ்’ என்றும். நடந்துகொண்டே வீடியோ கால் பேசுகிறவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

வயர் இழுப்பதுதான் பலரைப் பயமுறுத்துகிறது. சிலப்பில் துளை போடத் தேவையில்லை. ஜன்னல் சட்டத்து மூலை வழியாக வெளியே எடுத்து, பின்சுவர் ஓரமாகக் கொண்டியூட் பைப்புக்குள் இறக்கிக் கீழ் ஜன்னலால் உள்ளே எடுத்தோம். வயரிங் பாஸ் ஒருவருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. பைப் இல்லாமல் விட்டால் எலி விடாது. கெட் 5இ என்ற சாதாரண லேன் வயரே 100 மீற்றர் வரை 1 கிகாபிட் கொண்டுபோகும், வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு என்று ஒரு மலிவு வகை விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். எங்கள் பனியிலும் ஈரத்திலும் நுனிகள் சீக்கிரம் கெடும், வளைத்தால் முறியும். வெளியே போவதற்குக் கறுப்பு மேலுறை வகை. நுனி அடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

வயருக்கு எதிராகச் சொல்ல ஒன்று இருக்கிறது, அது சின்ன விஷயம் அல்ல: இடி. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரம் ஆனால் மலையில் இடி உருளும். நீளமான செம்பு வயர் எதுவாக இருந்தாலும் பக்கத்தில் விழும் மின்னலின் அதிர்ச்சியை வாங்கி இரண்டு பெட்டிக்கும் கொடுத்துவிடலாம். ரிப்பீட்டருக்கும் வயரில்லா மெஷ்ஷுக்கும் இந்த வழி கிடையாது, மின்சாரப் பிளக் வழியாக வருவது மட்டும்தான். வானம் இருண்டால், இடி தொடங்குமுன்பே பிளக்கோடு சேர்த்து லேன் வயரையும் கழற்றச் சொல்லியிருக்கிறேன். ஒரே வீட்டின் சுவரோடு ஒட்டிப் போகும் சில மீற்றர் வயருக்கு இதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதில் எனக்குப் போதிய அனுபவம் இல்லை.

ஆனால் தனிக் கட்டடத்துக்கு, முற்றத்துக்கு அப்பால் இருக்கும் கடைக்கோ வாடகை அறைக்கோ, செம்பு வயர் இழுக்காதீர்கள். அங்கே மெல்லிய ஃபைபர் துண்டும் இரண்டு பக்கமும் ஃபைபரை லேன் வயருக்கு மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டரும் போடலாம். கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது. இரும்புக் கம்பி சேர்த்த வகையாக இல்லாமல் பார்த்து எடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர், ஒரே மட்டத்து வீடு, இன்னும் ஒரு வருடத்தில் மாறிப் போவேன் என்பவர் மெஷ் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம், விற்றாலும் ஓரளவு விலை கிடைக்கும். சுவரில் பதித்த வயரை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது. இப்போது புது ரவுட்டர் வாங்கப் போகிறவர் பெட்டியில் ‘ஈஸிமெஷ்’ இருக்கிறதா, ‘அக்சஸ் பொயின்ட்’ தெரிவு இருக்கிறதா என்று இரண்டையும் கடையில் கேட்டுவிடுங்கள். ஈஸிமெஷ் 2018இல் வந்த பொது முறை, வேறு நிறுவனத்துப் பெட்டியையும் சேர்க்கலாம் என்பது அதன் நோக்கம். நடைமுறையில் ஒரே நிறுவனத்துச் சாமான்களைச் சேர்த்துத்தான் நான் பார்த்திருக்கிறேன்.