ரிசர்வ் விலை வைத்த நாணய ஏலம்: ராஜராஜன் காசுக்கு வேண்டாம், தரங்கம்பாடி வெள்ளிக்கு வைக்கலாம்

டெல்டாவின் பருத்தி மறைமுக ஏலத்தில் வியாபாரி எழுதிப் போடும் விலைதான் மறைந்திருக்கும். ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ரிசர்வ் வைத்தால் மறைந்திருப்பது, இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று விற்பவர் வைக்கும் விலை. கேள்வி, அதாவது ஏலத்தில் கேட்பவர் சொல்லும் விலை, அதைத் தொடும் வரை ‘ரிசர்வ் எட்டவில்லை’ என்று மட்டும் காட்டும். எட்டாமலே ஏலம் முடிந்தால், விற்பவர் காசைக் கொடுக்க வேண்டியதில்லை.

ராஜராஜன் செப்புக் காசுக்கு இந்த வசதி வீண். ஒருபக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் பெயர் உள்ள இந்தக் காசு இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. ரிசர்வ் என்று பார்த்ததுமே கேட்பவர் அடுத்த காசுக்கு நகர்ந்துவிடுவார். விற்காவிட்டாலும் ரிசர்வ் கட்டணம் போனது போனதுதான். எந்த விலைக்குக் கீழே கொடுக்க மனமில்லையோ, அதையே ஆரம்ப விலையாகப் போடுங்கள்.

தரங்கம்பாடி டென்மார்க்கிடம் இருந்தபோது (1620–1845) வெளியான டேனியக் காசுகள் வேறு கணக்கு. அதிலும் ராயலின் என்ற வெள்ளிக் காசைத் தேடுபவர்கள் சிலரே. அன்று அவர்களில் ஒருவர் வராமல் போனால் நல்ல காசு அடிமாட்டு விலைக்குப் போய்விடும். இங்கே ரிசர்வ் நியாயமானது. ஆனால் கடைக்காரர் சொல்லும் விலையை அளவாக வைக்காதீர்கள். அதே அரசர், அதே வகை, அதே தேய்மானத்தில் முடிந்துபோன ஏலங்களின் விலைகளைத் திரட்டி, அவற்றில் குறைந்ததை ஒட்டி வையுங்கள். உச்ச விலையில் வைத்த ரிசர்வ் பெரும்பாலும் எட்டாது. செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்திருந்தால் பழைய பூச்சு போயிருக்கும், மதிப்பும் இறங்கும். எடையைக் கிராமில் இரண்டு தசமம் வரை எழுதி, இருபக்கமும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போட்டாலே கேள்வி கூடும்.

கேட்பவர் அறிய வேண்டியது: ரிசர்வ் 8,000, இப்போதைய கேள்வி 4,500 என்றிருக்கும்போது நீங்கள் உச்சமாக 9,000 போட்டால், விலை நேராக 8,000-க்குத் தாவும். அது கோளாறு அல்ல. ரிசர்வ் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மட்டும் கேள்வியை ஏற்றிப் பார்க்காதீர்கள். எட்டிவிட்டால் வாங்கியாக வேண்டும். கேள்வி வரலாற்றையும் திறந்து பாருங்கள். ஒரே விற்பவரின் பொருள்களுக்கே ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால், அது விலை ஏற்றும் கை என்று சந்தேகிக்கலாம். ரிசர்வ் எட்டாமல் முடிந்தாலும், கடைசியாக அதிகம் கேட்டவருக்கு அதே விலைக்கு விற்பவர் தளத்தின் வழியாகவே மறுவாய்ப்பு அனுப்ப முடியும். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அங்கே எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இந்திய ஏல நிறுவனங்களில் ரிசர்வோடு ஒப்பிடப்படுவது சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடியும்போது நின்ற கேள்வி மட்டுமே. வாங்குபவர் அதற்கு மேல் தரும் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 8,000 ரூபாய்க் காசுக்கு 1,200 கூடும். வரியும் கூரியரும் தனி.

நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதனால் இங்கிருந்து விற்பவர், ரிசர்வைப் பற்றி யோசிக்கும் முன்பே, வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட வேண்டும்.