வேலூருக்கு வருகிறவர்களுக்கும் இங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கும்: எந்த ஆப் யாருக்கு?

சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்டில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள், பைக்கில் மலை ஏறும் பையன்கள், தினமும் சென்னைக்கு ரயில் பிடிக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஊருக்குப் போக வர எந்த ஆப் நல்லது?" யார், எப்படிப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் பதில் சொல்வேன்.

நோயாளியோடு ரயிலில் வருகிறவருக்கு 'வேர் இஸ் மை டிரெயின்' கட்டாயம் வேண்டும். 2018-ல் கூகுள் வாங்கிய ஆப் இது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது நெட்டும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். செல்போன் டவரை வைத்தே எந்த இடத்தில் போகிறோம் என்று காட்டிவிடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அலாரம். சென்னைப் பக்கமிருந்து வரும் வண்டி வாலாஜா ரோடு தாண்டிவிட்டால் அடுத்த பெரிய ஸ்டேஷன், வேலூருக்கு இறங்க வேண்டிய காட்பாடிதான். நடுராத்திரியில் வண்டி அங்கே சில நிமிடம்தான் நிற்கும். அதற்குள் ஆளை எழுப்பி, பெட்டியையும் ஸ்கேன் கவரையும் எடுத்து இறங்க வேண்டும். முன்கூட்டியே அலாரம் வைத்துவிட்டால் துணைக்கு வந்தவரும் கொஞ்சம் கண்ணசரலாம்.

இறங்கிய பிறகு கூகுள் டிரான்ஸ்லேட். வங்காள மொழி, தமிழ் இரண்டையும் ஊரிலேயே டவுன்லோட் செய்துகொண்டு வந்தால் சிக்னல் இல்லாவிட்டாலும் டைப் செய்து காட்டலாம். ஆட்டோ வாடகை, லாட்ஜ் ரூம், குழையச் சாதம் கேட்பது எல்லாவற்றுக்கும் அது போதும். ஆனால் மாத்திரை விஷயத்தில் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை நர்ஸிடமோ மருந்துக் கடையிலோ நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அவரவர் மொழி தெரிந்த ஆள் இந்தத் தெருவில் எப்படியும் கிடைப்பார்.

தினசரி பயணிக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் வந்த 'ரயில்ஒன்' போதும். முன்பதிவு டிக்கெட், சாதா டிக்கெட் இரண்டும் அதிலேயே எடுக்கலாம்.

ஜவ்வாது மலைக்குப் போகிற பையன்களிடம் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் வழியில் சிக்னலை நம்பிப் போகாதீர்கள். கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள். நெட் இல்லாமலும் வண்டிக்கு வழி சொல்லும். டிராஃபிக்கும் பஸ் விவரமும் வராது, நடைவழியும் காட்டாது. அதனால் அருவிக்கு நடக்க வேண்டியிருந்தால் ஊர்க்காரர்களைக் கேட்டுப் போங்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போளூரிலேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள்.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு நான் எந்த ஆப்பும் ஏற்றிக் கொடுப்பதில்லை. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒவ்வொரு தூணாக நின்று பாருங்கள், போன் பையிலேயே இருக்கட்டும்.