கையில் சீட்டு, நாவில் மந்திரம்: இரண்டு மேசைகளுக்குப் போகும் பாத்திரத்துக்கு எந்த விதி?

சீட்டுக் கட்டை விரித்து மந்திரம் செய்யும் பாத்திரம் வேண்டும் என்று கேட்காத புது விளையாட்டாளர் பாத்திரமேற்றுக் கதையை ஆடும் எங்கள் ரோல்பிளே மேசைக்கு வந்தது குறைவு. கோயில் திருவிழா இரவானாலும் செத்தவீடானாலும் 304 என்னும் சீட்டாட்டம் ஆடும் வட்டம் ஒன்று விறாந்தையில் கூடிவிடுகிற மட்டக்களப்பில் இந்த ஆசை எழுவது இயல்புதான். ஒரே வீட்டில், கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் ஒரே நடத்துநரோடு, ஒரே நண்பர்கள் ஆடும்போது எந்த விதியை எடுத்தாலும் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம். நாங்களோ மாதத்தில் ஒரு ஞாயிறு கல்லடியிலும் இன்னொரு ஞாயிறு கல்முனையிலும் கூடுகிறோம். ஒருவர் தன் பாத்திரத்தை அதன் பொன், பொருள், அனுபவப் புள்ளிகளோடு இரண்டு மேசைகளுக்கும் எடுத்துப் போகலாம் என்பது எங்கள் ஏற்பாடு. பாத்ஃபைண்டர் என்னும் ரோல்பிளே விளையாட்டுக்கு 2008இல் தொடங்கிய பாத்ஃபைண்டர் சொசைட்டியும், 2014இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் இன்னொரு ரோல்பிளே விளையாட்டின் ஐந்தாம் பதிப்போடு வந்த அட்வென்ச்சரர்ஸ் லீக்கும் உலக அளவில் செய்வதை நாங்கள் இரண்டு மேசைகளுக்குள் செய்து பார்க்கிறோம்.

இப்படிப் பாத்திரம் ஊர் மாறும்போது சீட்டு மந்திரத்துக்கான விதியை நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். அந்தப் பாத்திரத்தை முன்பு பார்த்திராத நடத்துநர் அதன் கணக்கை இரண்டு நிமிடத்தில் சரிபார்க்க முடியுமா? சீட்டினால் வரும் ஆபத்து, சீட்டை எடுத்தவரை விட்டுவிட்டு மேசையில் இருக்கும் மற்றவர்கள் தலையில் விழுமா? இவ்விரண்டையும் கடந்த பிறகும் அது சீட்டாகவே உணரப்படுமா, அல்லது மந்திரக்கோலுக்குப் போட்ட வேறு பெயராகத் தேய்ந்துவிடுமா?

மிக எளிய வழி, விதியைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுவது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக், மந்திரத்தைச் செலுத்த மந்திரவாதி கையில் பிடிக்கும் ஃபோகஸ் பொருளாகப் பளிங்கு, உருண்டை, கோல், தடி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, அவற்றை ஒத்த வேறு பொருளுக்கும் இடம் விடுகிறது. அந்த இடத்தில் சீட்டுக் கட்டை வைக்கலாம். அதே நூலில் விளையாடுவதற்கான சீட்டுக் கட்டின் விலை 5 வெள்ளிக்காசுதான் என்றாலும், ஃபோகஸாகப் பயன்படும் கட்டுக்கு நாங்கள் மந்திரக்கோலின் விலையான 10 பொன்னை அறவிடுகிறோம்; அப்போது யாருக்கும் சலுகை கிடைத்ததாகாது. 2020இல் வந்த டாஷா'ஸ் கோல்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்னும் நூல் மந்திரத்தின் தோற்றத்தை அவரவர் விருப்பப்படி வர்ணிக்க அனுமதிக்கிறது. அதன் விளைவு மாறக் கூடாது, ஒரு மந்திரம் இன்னொன்றைப் போலத் தோன்றி ஏமாற்றவும் கூடாது என்பவை நிபந்தனைகள்.

மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லும் பேச்சு ஒன்று உண்டல்லவா? எங்கள் மேசையில் ஒரு தம்பி அதையே எடுத்துக்கொண்டார். ஹோல்ட் பேர்சன் என்னும் இரண்டாம் நிலை மந்திரத்தை அவருடைய பாத்திரம் செய்யும்போது சீட்டு ஒன்று எதிரியின் காலடியில் விழுகிறது. அது பன்புல்லாய் முளைத்துப் பாயாகப் பின்னிக்கொள்கிறது. எதிரி அதிலிருந்து காலைத் தூக்க முடியாமல் நிற்கிறான். மந்திரத்திலிருந்து தப்ப எதிரி எறிய வேண்டிய விஸ்டம் சேவ் பகடை அப்படியே இருக்கிறது, மந்திரம் நீடிக்க வேண்டிய மனஒருமைப்பாடும் அப்படியே இருக்கிறது. கல்முனை நடத்துநர் எதையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு கேள்விகளிலும் இந்த வழி முழு மதிப்பெண் பெறுகிறது. மூன்றாவதில்தான் தவறுகிறது. நான்கு அமர்வுகள் கழிந்த பின் அந்தத் தம்பியே கட்டை மேசையில் எடுத்து வைப்பதை விட்டுவிட்டார், ஏனென்றால் அதைக் கையில் எடுக்க வேண்டிய தேவை எந்த இடத்திலும் வரவில்லை.

இதற்கு நேரெதிர்த் திசையில் நிற்பது பாத்ஃபைண்டர் முதற்பதிப்பின் வழி. அங்கே ஹாரோ என்னும் குறிபார்க்கும் சீட்டுக் கட்டு உலகக் கதையோடு பிணைந்தது: ஆறு இனங்கள் ஆறு ஆற்றல்களுக்கு, ஒவ்வோர் இனத்திலும் ஒன்பது சீட்டுகள் ஒன்பது அறநிலைகளுக்கு, ஆக 54. சுத்தியல் வலிமைக்கு, திறவுகோல் கைவேகத்துக்கு, கேடயம் உடலுறுதிக்கு, நூல் அறிவுக்கு, விண்மீன் ஞானத்துக்கு, முடி ஆளுமைக்கு. இந்தக் கட்டின் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும்; ஒரு சீட்டைப் பார்த்ததும் அது எந்த ஆற்றலையும் எந்த மனப்போக்கையும் சொல்கிறது என்று புரிந்துவிடுகிறது.

2014இல் வந்த ஹாரோ ஹேண்ட்புக் இந்தக் கட்டை ஆயுதமாகவும் மாற்றியது. டெட்லி டீலர் என்னும் தனித்திறன் உள்ளவர் சீட்டை டார்ட் போல எறியலாம். சேதம் டார்ட்டுக்குரிய 1டி4, அதாவது நான்குமுகப் பகடை ஒன்று. ஆனால் ஆயுதத்தில் மந்திர சக்தி ஏற்றும் ஆர்க்கேன் ஸ்ட்ரைக் திறனை அந்தக் கணத்தில் பயன்படுத்தியே எறிய வேண்டும், எறிந்த சீட்டு அழிந்துவிடும், ஹாரோ கட்டிலிருந்து ஒரு சீட்டு போனாலே மிச்சக் கட்டு குறிபார்க்க உதவாது. கைலாகவத் திறமையில் 5 படிகள் இருந்தால்தான் இந்தத் திறனை எடுக்கலாம் என்பதால், சாதாரண வழியில் வருகிற பாத்திரத்துக்கு ஐந்தாம் லெவலுக்கு முன் இது கிடைக்காது. நான்கு லெவல் வரை தன் கதைக்குரிய ஆயுதம் இல்லாமல் திரியும் பாத்திரத்தை வைத்திருப்பது, மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் கூடும் எங்களுக்குப் பல மாதக் காத்திருப்பு. அத்தோடு சீட்டுக் கட்டுக்கு மந்திரமேற்றினால் அது 54 அம்புகளுக்குச் சமமாகக் கணக்கிடப்படும். முதல் மேம்பாட்டுக்கு ஏறத்தாழ 2000 பொன் என்று வைத்தால், ஓர் எறிக்கு 37 பொன் காற்றில் போகிறது.

இத்தனை பாரமிருந்தும் நான் இந்த விதியை மதிக்கிறேன், காரணம் அது கணக்கில் நேர்மையானது. எத்தனை சீட்டு இருந்தது, எத்தனை எறியப்பட்டது, எத்தனை மிச்சம் என்பது தாளில் எழுதப்படுகிறது. அடுத்த மேசையின் நடத்துநர் 31 என்ற எண்ணைப் பார்த்தால் போதும். தன் துணை விலங்குக்குப் பதிலாக ஹாரோ கட்டையே கொள்ளும் கார்டோமான்சர் சூனியக்காரி, எறியும் ஆயுதத்தின் வழியே மந்திரத்தைச் செலுத்தும் கார்ட் காஸ்டர் மேகஸ் (மேகஸ் என்பவர் ஆயுதமும் மந்திரமும் கலந்து ஆடுபவர்) ஆகிய இரண்டு பாத்திர வடிவங்களும் அதே நூலிலிருந்து வந்தவைதான். ஆட்டத்தில் சுவை அதிகம் தருவது இரண்டாவது. ஒரு தடை மட்டும் உண்டு. பாத்ஃபைண்டர் சொசைட்டியின் ஒழுங்குப்படி அடிப்படை நூல்களுக்கு வெளியே உள்ள எதையும் பயன்படுத்துகிறவர், அந்த நூலின் சொந்தப் பிரதியை அல்லது தன் பெயர் பொறித்த பிடிஎஃப் பக்கங்களை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் விளையாட்டாளர்களில் பாதிப்பேர் பாடசாலைப் பிள்ளைகள், வெளிநாட்டு அட்டை வழியே பணம் கட்டும் வசதி அவர்களுக்கு இல்லை. விதி சரியானதுதான், எங்கள் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை.

மூன்றாவது வழியில் சீட்டு எடுப்பதே மந்திரத்தின் இயந்திரமாகிறது. 1994இல் வந்த காஸில் ஃபால்கன்ஸ்டைன் என்னும் ரோல்பிளே விளையாட்டில் பகடையே கிடையாது. மந்திரவாதி தன் கட்டிலிருந்து சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, தேவையான சக்தி சேரும்வரை காத்திருக்கிறார்; மந்திரத்தின் வகைக்குரிய இனச் சீட்டுக்கு முழு மதிப்பு, பிற இனங்களுக்கு ஒவ்வொன்றும் 1. மனத்தை அசைக்கும் மந்திரத்துக்கு ஆட்டின் (ஹார்ட்ஸ்), பொருளை மாற்றுவதற்கு டைமன், இயற்கைச் சக்திகளுக்குக் கிளாவர் (கிளப்ஸ்), ஆவிகளுக்கு இஸ்கோப்பன் (ஸ்பேட்ஸ்). 1996இல் வந்த டெட்லேண்ட்ஸ் விளையாட்டில் ஆவியோடு சூதாடி மந்திரம் செய்யும் ஹக்ஸ்டர் இன்னும் துணிச்சலானவர். அவர் பகடை எறிந்து வென்றால் ஐந்து சீட்டுகள், அதற்கு மேல் வெற்றியின் அளவுக்கேற்ப ஒவ்வொன்று கூட. அவற்றால் அமையும் போக்கர் கையே மந்திரத்தின் பலம். கருப்பு ஜோக்கர் வந்தால் அது எந்தச் சீட்டாகவும் உதவும், ஆனால் சூதாடிய ஆவி திருப்பி அடிக்கும்.

நான் அறிந்த எல்லா விதிகளிலும் சீட்டின் உயிரை உள்ளபடி பிடித்தது இதுதான். கையை விரிப்பதற்கு முன் மேசையே மூச்சை அடக்கும். அதனால்தான் கல்முனையில் ஒருமுறை, பாத்திரம் மாறாத ஒற்றை அமர்வாக, இதை ஆடிப் பார்த்தோம்.

அன்று எடுத்த கட்டு அந்த வீட்டின் மேசை லாச்சியில் கிடந்தது. மாரிக் காலம், கடற்காற்றில் சீட்டுகள் ஊதி, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன, நகத்தால் பிரித்துத்தான் கலைக்க முடிந்தது. இரண்டு சண்டைகள் முடியும்வரை ஹக்ஸ்டர் ஆடிய தங்கச்சிக்கு ஒவ்வொரு கையும் ஜோடியாக அல்லது அதற்கு மேலாகவே வந்தது. மூன்றாவது சண்டையில் அவரே கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன், இந்தக் கட்டில ஏழுக்குக் கீழ ஒண்டுமே இல்லையே" என்றார். 304 ஆடும் வீட்டுக் கட்டு அது. இரண்டிலிருந்து ஆறு வரை எடுத்து ஒதுக்கிவிட்டு 32 சீட்டுகளை மட்டும் வைத்திருந்தார்கள். நாங்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை.

இதன் பாதிப்பை அன்றிரவு கணக்கிட்டேன். ஜோக்கர் இல்லாத 52 சீட்டுக் கட்டில் ஐந்து சீட்டுகள் எடுத்தால் ஒரு ஜோடியோ அதைவிட நல்ல கையோ கிடைக்கும் வாய்ப்பு 49.9 சதவீதம், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 32 சீட்டுக் கட்டில் அதே வாய்ப்பு 73.7 சதவீதம். தங்கச்சி எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனால் அவருடைய பாத்திரம் நான்கில் மூன்று முறை வென்றுகொண்டிருந்தது. ஒரு கட்டில் என்ன இருக்கிறது என்பதே இந்த விதியின் அடித்தளம். அதை ஒவ்வொரு மேசையிலும் எண்ணிச் சரிபார்ப்பது, கலைக்கும் கையைக் கவனிப்பது, ஒட்டிய சீட்டை எப்படிக் கணக்கிடுவது என்று தீர்ப்பது எல்லாம் நடத்துநர் தலையில் விழுகின்றன. ஆறு பேர் ஆடும் மேசையில் ஒருவருக்காக இவ்வளவு நேரம் செலவிடுவது மற்ற ஐவருக்கு அநீதி. ஒரே வீட்டில் நீண்ட கதை ஆடுகிறவர்களுக்கு நான் ஹக்ஸ்டரைத் தயங்காமல் சொல்வேன். மேசை மாறும் பாத்திரத்துக்குச் சொல்ல மாட்டேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் டெக் ஆஃப் மெனி திங்ஸ் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1975இன் கிரேஹாக் இணைப்பிலிருந்து வருகிற அந்த மந்திரக் கட்டில் ஒரு சீட்டு விருப்ப வரம் தரும், இன்னொன்று உயிரைப் பிடுங்கித் தொலைவில் அடைக்கும், மற்றொன்று மந்திரப் பொருட்கள் எல்லாவற்றையும் பொடியாக்கும். ஒருவர் எடுத்த சீட்டுக்காக அடுத்த மேசையின் கதை நின்றுபோகும் என்பதால் எங்கள் இரண்டு மேசைகளிலும் அதற்கு இடமில்லை.

ஆனால் அந்தக் கட்டின் பெயரால் 2023இல் வந்த த புக் ஆஃப் மெனி திங்ஸ் நூலில்தான் நான் தேடிய விதி இருந்தது. கார்டோமான்சர் (முன்பு சொன்ன சூனியக்காரி வடிவத்தோடு பெயர் மட்டுமே ஒன்று) என்னும் தனித்திறனை நான்காம் லெவலிலிருந்து, மந்திரம் செய்யத் தெரிந்த எந்தப் பாத்திரமும் எடுக்கலாம். பிரெஸ்டிடிஜிடேஷன் என்னும் சிறு மந்திரம் கிடைக்கிறது. சீட்டு வித்தை காட்டுவதற்கு அதைப் பயன்படுத்தும்போது, சொல்லையும் கையசைவையும் சாதாரணப் பேச்சாகவும் சீட்டுக் கலைப்பாகவும் மறைத்துக்கொள்ளலாம். நீண்ட ஓய்வு முடிந்ததும் தன் வகுப்பின் மந்திரப் பட்டியலிலிருந்து ஒரு மந்திரத்தைத் தேர்ந்து ஒரு சீட்டில் ஏற்றலாம். அது ஒரு ஆக்‌ஷனில் செய்யக்கூடியதாகவும், அதன் நிலை, லெவலோடு வளரும் பாத்திரத்தின் தேர்ச்சி எண்ணுக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும். பிறகு எட்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும், தன் முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் அந்தச் சீட்டைச் சுழற்றி மந்திரத்தை விடலாம். விட்டதும் சீட்டு வெறும் சீட்டு.

இதில் அதிர்ஷ்டம் இல்லையே என்று டெட்லேண்ட்ஸ் ஆடியவர்கள் குறைப்படுவார்கள், அது நியாயமான குறை. ஆயினும் 304 ஆடியவருக்கு இன்னொன்று உடனே பிடிபடும்: துருப்பைத் தெரிந்து கவிழ்த்து வைத்துவிட்டு அது வெளிப்படும் கணத்துக்காகக் காத்திருக்கும் அந்தப் பதற்றம் இங்கே இருக்கிறது. பாத்திரம் கற்றிராத மந்திரத்தையும் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்பதால், காலையில் எதைக் கவிழ்த்து வைப்பது என்ற யோசனை ஒவ்வொரு அமர்வையும் புதிதாக்குகிறது. சரிபார்க்க ஒரே ஒரு வரி: ஏற்றிய மந்திரத்தின் பெயர். நான்காம் லெவலில் தேர்ச்சி எண் 2, ஆகவே இரண்டாம் நிலை வரை; ஐந்தில் மூன்றாம் நிலை, ஒன்பதில் நான்காம் நிலை. எண்ணிப் பார்க்க ஒரு கட்டுக்கூடத் தேவையில்லை. விளையாட்டாளர் கொண்டுவந்தால் ஒரு சீட்டு போதும். அது மழையில் ஊதியிருந்தாலும் கணக்கு கெடாது.

ஓர் இடத்தில் மட்டும் இரண்டு மேசைகளும் முதலில் வேறுவேறாகத் தீர்ப்புச் சொன்னோம். போனஸ் ஆக்‌ஷனில் மந்திரம் செய்தவர் அதே முறையில் ஒரு ஆக்‌ஷன் நேரமுள்ள கேன்ட்ரிப் என்னும் சிறு மந்திரம் தவிர வேறு மந்திரம் செய்யக் கூடாது என்பது 2014 விதி. சீட்டிலிருந்து விடும் மந்திரத்துக்கும் அது பொருந்துமா என்று கேட்டபோது கல்முனை பொருந்தாது என்றது, கல்லடி பொருந்தும் என்றது. விதியின் சொற்களில் மந்திரம் "செய்யப்படுகிறது" என்றே இருப்பதால் பொருந்தும் என்று இப்போது இருபக்கமும் எழுதி வைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் ஒரே முறையில் இரண்டு பெரிய மந்திரங்களை இறக்கும் பாத்திரம் மற்றவர்களின் சண்டையையும் சேர்த்து ஆடிவிடும்.

பாய் மந்திரத் தம்பியின் பாத்திரம் போன ஞாயிறு நான்காம் லெவலைத் தொட்டது. அவர் கார்டோமான்சரை எடுத்துக்கொண்டார், ஹோல்ட் பேர்சனைச் சீட்டில் ஏற்றினார், பாத்திரத் தாளின் மூலையில் "ஆட்டின் ஜாக் – பாய்" என்று பென்சிலால் எழுதினார். அந்தச் சீட்டு அமர்வு முழுதும் அவருடைய தேநீர்க் கோப்பைக்கு அடியில் கவிழ்ந்தே கிடந்தது.