ஏ லெவலில் ப்ராடக்ட் டிசைன்: எதற்குப் பதிலாக, எதனோடு சேர்த்து?

இங்கிலாந்தில் இயர் லெவன் படிக்கும், பதினாறு வயதை எட்டும் பிள்ளை உள்ள தமிழ் வீட்டில், பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுப் படிப்பான ஏ லெவலுக்குப் பாடம் தேர்ந்தெடுப்பது என்று பேச்செடுத்தாலே, கணிதம், வேதியியல், உயிரியல் என்று மூன்று விரல்கள் தாமாக மடங்கிவிடும். பிள்ளை மெல்ல "ப்ராடக்ட் டிசைன் எடுக்கலாமா?" என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "அது தச்சு வேலைதானே?" என்பது ஒன்று. "கோர்ஸ்வொர்க் பாடமாம், ஏ எடுப்பது சுலபமாம்" என்பது இன்னொன்று. முதலாவது அறியாமை என்றால் இரண்டாவது ஆபத்து.

இந்தப் பாடத்தின் மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி, மாதக்கணக்கில் இழுக்கும் ஒரே ஒரு ப்ராஜெக்டில் இருக்கிறது. எந்தப் பாடத்தோடு ஒப்பிட்டாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். பரீட்சைக்கு முந்தைய ஆறு வாரம் விழுந்து விழுந்து படித்துக் கரையேறும் பிள்ளைக்கும், வாரம் தவறாமல் சிறிது சிறிதாக வேலையை நகர்த்தும் பிள்ளைக்கும் இது ஒரே பாடம் அல்ல.

முதலில் பெயர்க் குழப்பம். சான்றிதழில் பாடத்தின் பெயர் டிசைன் அண்ட் டெக்னாலஜி. 2017-இல் கற்பித்தல் தொடங்கி, 2019-இல் முதல் பரீட்சை நடந்த புதிய பாடத்திட்டத்தில் அதற்கு மூன்று பிரிவுகள்: ப்ராடக்ட் டிசைன், டிசைன் இன்ஜினியரிங், ஃபேஷன் அண்ட் டெக்ஸ்டைல்ஸ். துணியும் ஆடையும் பிடித்தவருக்கு மூன்றாவது பிரிவு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. டிசைன் இன்ஜினியரிங்கில் மின்சுற்று, கட்டுப்பாட்டு அமைப்பு, இயங்குமுறை என்று இயந்திரத்தின் உள்ளே போகலாம். ப்ராடக்ட் டிசைனில் மரம், உலோகம், பிளாஸ்டிக், பயன்படுத்துபவரின் உடல், தொழிற்சாலையில் அதை எப்படி ஆயிரக்கணக்கில் செய்வது என்று பரப்பு விரியும். நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்சுற்றுப் பலகையான ஆர்டுயினோ போர்டை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விளையாடும் பிள்ளைக்கு டிசைன் இன்ஜினியரிங்தான் பொருத்தம். ஆனால் எல்லாத் தேர்வு வாரியங்களும் எல்லாப் பிரிவுகளையும் நடத்துவதில்லை. ஓ.சி.ஆர் மூன்றையும் தருகிறது, ஏ.க்யூ.ஏ-வில் டிசைன் இன்ஜினியரிங் கிடையாது, பியர்சன் எடெக்செல்லில் ப்ராடக்ட் டிசைன் மட்டும்தான். ஆகவே எந்தப் பிரிவு என்பதைப் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியே முடிவு செய்து வைத்திருக்கும்.

வாரியங்களுக்குள் வித்தியாசம் உண்டா? உண்டு, ஆனால் அதற்காகப் பள்ளி மாறும் அளவுக்கு இல்லை. ஏ.க்யூ.ஏ-வில் இரண்டு எழுத்துத் தேர்வுகள்: இரண்டரை மணி நேரத் தாள் 30%, ஒன்றரை மணி நேரத் தாள் 20%. பியர்சனில் இரண்டரை மணி நேரத்தில் ஒரே தாள், அதற்கே 50%. ஓ.சி.ஆரிலும் இரண்டு தாள்கள்தான், ஆனால் இரண்டாவது தாளில் ஒரு தகவல் கையேட்டைக் கையில் கொடுத்து, அதைப் படித்துப் பார்த்துச் சிக்கலைத் தீர்க்கச் சொல்வார்கள். மனப்பாடத்தில் தடுமாறி, கண்முன் இருப்பதை வைத்து யோசிப்பதில் கெட்டியான பிள்ளைக்கு அந்தத் தாள் பிடிக்கும். ஒரே நாளில் எல்லாம் முடிந்துபோவதை வெறுக்கும் பிள்ளைக்குப் பியர்சன் கொஞ்சம் பதற்றம் தரும். ப்ராஜெக்ட் எங்கும் 50%தான். அதற்கான நேரத்தை ஏ.க்யூ.ஏ சுமார் 45 மணி என்கிறது, ஓ.சி.ஆர் சுமார் 65 மணி என்கிறது. நடைமுறையில் இந்த எண்களைப் பிள்ளைகள் யாரும் நம்புவதில்லை.

எழுத்துத் தேர்வு சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏ.க்யூ.ஏ தாள்களில் குறைந்தது 15% கணிதம், அதற்கு மேல் 15% அறிவியல் என்று பாடத்திட்டமே சொல்கிறது. அது எந்த மாதிரிக் கணிதம்? 2440 மி.மீ நீளம், 1220 மி.மீ அகலம் கொண்ட ஒரு பிளைவுட் தகட்டிலிருந்து 100 மி.மீ விட்டமுள்ள வட்டங்கள் வெட்ட வேண்டும் என்று வையுங்கள். நேர் வரிசையாக அடுக்கினால் 24-க்கு 12, மொத்தம் 288 வட்டங்கள். தகட்டில் 24% வீண். வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று அரை வட்டம் தள்ளி, மேல் வரிசையின் பள்ளத்தில் கீழ் வரிசை உட்காரும்படி அடுக்கினால் 322 வட்டங்கள் வரும், வீண் 15% ஆகிவிடும். வெட்டும் கருவியின் தடிமனைச் சேர்த்தால் கதை மறுபடி மாறும், ஏனென்றால் 322 அடுக்கும்போது தகட்டின் நீளத்தில் மிச்சம் இருப்பது இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. கால்குலஸ் தெரிய வேண்டாம். ஆனால் இயர் லெவன் முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ தேர்வின் கணிதம் கைவசம் இருக்க வேண்டும், அது பிளைவுட் தகட்டின் மேல் நிற்கும்போதும் ஞாபகம் வர வேண்டும்.

மீதிப் பாடத்தில் வாசிக்க நிறைய உண்டு: பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங், ப்ளோ மோல்டிங் என்ற முறைகளில் எப்போது எது, ஒரு கைப்பிடியை மக்களில் 5-ஆம் பெர்சென்டைலிலிருந்து 95-ஆம் பெர்சென்டைல் வரையிலான, அதாவது மிகச் சிறிய 5 சதவீதத்தையும் மிகப் பெரிய 5 சதவீதத்தையும் விட்டு மீதி எல்லோருடைய, கை அளவுக்கு எப்படிப் பொருத்துவது, டிசைன் வரலாற்றில் பௌஹௌஸ் பள்ளி, மெம்ஃபிஸ் குழு, டிசைனர் டீட்டர் ராம்ஸ். பிரிட்டன் சாலைகளில் தினமும் கண்ணில் படுகிற, இரண்டு பிள்ளைகள் கைகோத்து நடக்கும் பள்ளிப் பலகையை வரைந்த மார்கரெட் கால்வெர்ட்டும் ஏ.க்யூ.ஏ பாடத்திட்டத்தில் இருக்கிறார். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. தெருவில் நடக்கும்போதே பாடம் திறந்துகொள்கிறது.

சரி, ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். ஏ.க்யூ.ஏ-வில் அதற்கு 100 மதிப்பெண். சிக்கலைக் கண்டுபிடித்து ஆராய்வதற்கு 20, என்ன செய்யப் போகிறோம் என்ற டிசைன் ப்ரீஃப், அது எப்படி இருக்க வேண்டும் என்ற ஸ்பெசிஃபிகேஷன் இரண்டுக்கும் சேர்த்து 10, யோசனைகளை வளர்ப்பதற்கு 25, மாதிரியைச் செய்து மேம்படுத்துவதற்கு 25, அலசி மதிப்பிடுவதற்கு 20. பெற்றோர் பலர் பள்ளிக் கண்காட்சியில் பளபளக்கும் ஓக் மேசையைப் பார்த்து "இதுதான் ஏ ஸ்டார்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கையால் செய்யும் வேலைக்கு நேரடியாகப் போவது நூற்றில் கால் பங்குதான்.

இரண்டு மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் முதல் வாரமே மேசை என்று முடிவு செய்து, மீதி நாட்களை மரம் இழைப்பதில் செலவிடுகிறான். மேசை அழகாக வருகிறது. ஆனால் ஏன் இந்த உயரம், யாருக்காக, வேறு என்னென்ன யோசித்துக் கைவிட்டாய் என்று கேட்டால் போர்ட்ஃபோலியோவில் பதில் இல்லை. இன்னொருத்தி மூட்டுவலி உள்ள ஒருவர் ஜாடி மூடியைத் திறக்க ஒரு கருவி செய்கிறாள். முதலில் களிமண்ணில் ஒரு பிடி செய்து அவர் கையில் கொடுத்து அழுத்தச் சொல்கிறாள். விரல் தடம் எங்கே ஆழமாக, எங்கே லேசாகப் பதிந்தது என்று படம் எடுக்கிறாள். கட்டைவிரல் பக்கம் வழுக்குகிறது என்று தெரிந்து, ஃபோமில் இன்னொன்று, த்ரீ டி பிரிண்டில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் விட்டத்தைச் சில மில்லிமீட்டர் மாற்றி, மறுபடி அவரிடமே கொண்டுபோய் எது வலிக்கவில்லை என்று எழுதிக்கொள்கிறாள். கடைசிப் பொருள் உள்ளங்கையில் அடங்கிவிடும், கண்காட்சியில் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். மதிப்பெண் அட்டவணையோ அவள் பக்கம்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளையை இழுக்கும் விஷயத்தில் ப்ராடக்ட் டிசைனுக்கு உண்மையான போட்டி இயற்பியலோ வேதியியலோ அல்ல. ஆர்ட் அண்ட் டிசைன் ஏ லெவலில் த்ரீ டைமென்ஷனல் டிசைன் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஆர்ட் பக்கத்தில் எழுத்துத் தேர்வே கிடையாது. சொந்த ஆய்வு 60%, அதோடு ஏ.க்யூ.ஏ-வில் 1000 முதல் 3000 சொற்களில் ஒரு கட்டுரை. வாரியம் தரும் தலைப்பில் செய்யும் வேலை 40%, அதன் முடிவில் கண்காணிப்பில் 15 மணி நேரம். ப்ராடக்ட் டிசைனில் நாற்காலி செய்தால் யார் உட்காருவார், எவ்வளவு எடை தாங்கும், எப்படித் தொழிற்சாலையில் செய்வது என்பார்கள். ஆர்ட் பக்கத்தில் அதே நாற்காலியை நீ ஏன் செய்தாய், எந்தக் கலைஞரின் வேலை உன்னை இங்கே கொண்டுவந்தது, பொருளோடு எப்படி மல்லுக்கட்டினாய் என்பார்கள். எழுத்துத் தேர்வுக்குப் பயந்து ஆர்ட் பக்கம் ஓடும் பிள்ளைகள் உண்டு. அங்கே ஸ்கெட்ச்புக் கேட்கும் உழைப்பு தெரியாமல் ஓடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து எடுப்பதும் நடக்கிறது. ஏ லெவலின் இரண்டாம் ஆண்டான இயர் தேர்ட்டீனில் இரண்டு பெரிய கோர்ஸ்வொர்க் மலைகள் ஒரே மாதத்தில் வந்து விழும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை, அபாரமான ஒழுங்கு உள்ள பிள்ளையைத் தவிர.

பல்கலைக்கழகம்? முன்பு பிரிட்டனின் முன்னணி ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ரஸ்ஸல் குழுப் பல்கலைக்கழகங்கள் "வழிதிறக்கும் பாடங்கள்" என்று ஒரு பட்டியல் வைத்திருந்தன, அதில் டிசைன் அண்ட் டெக்னாலஜி இல்லை. அந்தப் பட்டியலை 2019-இல் கைவிட்டுவிட்டார்கள். ஆனாலும் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் அது இன்னும் சாகாவரம் பெற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸின் புள்ளிக் கணக்கில் ப்ராடக்ட் டிசைன் ஏ ஸ்டாருக்கும் 56 புள்ளி, கணித ஏ ஸ்டாருக்கும் 56 புள்ளி. புள்ளி சமம் என்பதால் கதவும் சமம் ஆகிவிடாது. கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில் இன்ஜினியரிங் படிக்கக் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். அங்கே ப்ராடக்ட் டிசைன் மூன்றாவது பாடமாக அழகாக உட்காரும், இயற்பியலின் நாற்காலியில் உட்கார முடியாது. மருத்துவம் என்றால் இந்தப் பேச்சே வேறு. ப்ராடக்ட் டிசைன், இண்டஸ்ட்ரியல் டிசைன், கட்டடக்கலை பக்கம் போகிறவருக்கு இந்த ப்ராஜெக்டே நேர்காணலுக்கான போர்ட்ஃபோலியோவின் முதுகெலும்பு ஆகிவிடும். என் தேர்வு: இன்ஜினியரிங் கனவு இருந்தால் கணிதம், இயற்பியல், ப்ராடக்ட் டிசைன். டிசைன் கனவு இருந்தால் ப்ராடக்ட் டிசைன், கணிதம், மூன்றாவதாகக் கட்டுரை எழுதும் ஏதாவது ஒன்று, உளவியலோ வரலாறோ. பயன்படுத்துபவரைப் பற்றி இரண்டு பத்தி தெளிவாக எழுதத் தெரியாத டிசைனர் பாதி மதிப்பெண்ணை மேசையிலேயே விட்டுவிட்டு வருவார்.

ஏ லெவலுக்குப் பதிலாக வேறு படிப்பு என்றால்? ஆறு பாடங்கள் கொண்ட சர்வதேசப் படிப்பான ஐ.பி டிப்ளமாவில் டிசைன் டெக்னாலஜி அறிவியல் குழுவில் இருக்கிறது. அந்த ஒன்றே அங்கே அதன் பெரிய பலம்: அறிவியல் பாடம் ஒன்று கட்டாயம் என்ற நிபந்தனையை இதை வைத்தே நிறைவேற்றலாம். கூடவே மற்ற ஐந்து பாடங்களும் 4000 சொல் கட்டுரையும் வரும் என்பதை மறக்க வேண்டாம். தொழில் சார்ந்த படிப்பான டி லெவல், இன்ஜினியரிங் டிசைன் பக்கம், மூன்று ஏ லெவல்களுக்குச் சமமான அளவு, அதோடு குறைந்தது 315 மணி நேரம் உண்மையான நிறுவனத்தில் வேலை அனுபவம். பதினாறு வயதில் இதுதான் என்று தீர்மானமாக இருக்கும் பிள்ளைக்கு நல்லது. கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் ஏ லெவலே கதவுகளைத் திறந்து வைக்கும்.

கடைசியாகப் பள்ளி. ஏ லெவல் வகுப்புகளான சிக்ஸ்த் ஃபார்மின் ஓப்பன் ஈவினிங்கில் பெற்றோர் கூட்டம் ஹாலில் பிரின்சிபல் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் நேராக டிசைன் அண்ட் டெக்னாலஜி பட்டறைக்குப் போங்கள். லேசர் கட்டர் இருக்கிறதா என்று கேட்பதைவிட, இயர் தேர்ட்டீன் பிள்ளைகள் வகுப்பில்லாத நேரத்தில் வந்து அதைப் பயன்படுத்தலாமா, யார் மேற்பார்வை என்று கேளுங்கள். டெக்னீஷியன் முழுநேரமா என்று கேளுங்கள். ப்ராஜெக்டை எப்போது தொடங்குவீர்கள் என்ற கேள்விக்கு, இயர் ட்வெல்வ் கோடையிலேயே சிக்கலைத் தேர்ந்தெடுத்துவிடுவோம் என்று பதில் வந்தால் நல்ல சகுனம். செப்டம்பரில் பார்ப்போம் என்றால் யோசியுங்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் விண்ணப்பத்துக்கு அக்டோபர் 15 கடைசி நாள், ஜனவரியில் மற்ற பல்கலைக்கழகங்கள், நடுவே மாதிரிப் பரீட்சைகள். பள்ளி மதிப்பெண்ணை வாரியத்துக்கு மே மாத நடுவில் அனுப்பியாக வேண்டும். போன வருடத்து போர்ட்ஃபோலியோ இரண்டைக் காட்டச் சொல்லுங்கள்: ஒன்று ஏ எடுத்தது, இன்னொன்று சி எடுத்தது. ஏ மட்டும் காட்டிவிட்டு மழுப்பினால், அடுத்த பள்ளியின் ஓப்பன் ஈவினிங் எப்போது என்று பாருங்கள்.