சிறுவாணித் தண்ணீருக்கு ஆர்.ஓ. எதற்கு? மேடை ஃபில்டருடன் இரண்டு வருடம்

சூலூர்ப் பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு கோவை ஆர்.எஸ்.புரத்துக்குக் குடிவந்த முதல் நாளே, வீட்டுக்கார அம்மா சமையலறைச் சுவரைத் தடவிக் காட்டிச் சொன்னார்: "போன வருடம்தான் டைல்ஸ் ஒட்டினோம். ஓர் ஓட்டை விழுந்தாலும் அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன்." சூலூரில் சுவரில் தொங்கிய ஆர்.ஓ. பெட்டி, அதாவது தண்ணீரில் கரைந்த உப்பைச் சவ்வு வழியாகப் பிரித்தெடுக்கும் கருவி, அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. ஆணி அடிக்காமல், குழாயை அறுக்காமல், மேடைமேல் அப்படியே வைத்துக்கொள்ளும் ஃபில்டர் ஒன்று வாங்கியாக வேண்டும்.

நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். மாலைக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். அந்தப் புத்தியோடுதான் ஃபில்டரும் தேடினேன். என்ன வாங்கினேன், வாங்கியதில் என்ன குறை என்று எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். வகையைச் சொன்னால் போதும். கடையில் அடுக்கி வைத்திருப்பவை எல்லாம் அண்ணன் தம்பிகள்தான்.

புதுக்குடித்தனம் வந்த செய்தி எப்படித்தான் எட்டியதோ, மூன்றாம் நாள் கழுத்துப்பட்டை கட்டிய தம்பி ஒருவர் வாசலில் நின்றார். "சும்மா சோதித்துக் காட்டுகிறேன் அக்கா, வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை." இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் தன் பாட்டிலில் இருந்த ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் எங்கள் வீட்டுத் தண்ணீர். நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த சிறு பெட்டியை இரண்டு டம்ளருக்கும் குறுக்கே வைத்து, பிளக்கைச் செருகினார். அரை நிமிடத்தில் எங்கள் டம்ளரில் பச்சையும் பழுப்புமாகச் சகதி கிளம்பியது. மேலே நுரை வேறு. அவருடைய டம்ளரில் சலனமே இல்லை. "இதைத்தான் அக்கா குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்" என்றார். என் மாமியார் வாயில் கை வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கோவை வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீர், மற்றது போர் போட்ட உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரை நாங்கள் யாரும் குடிப்பதில்லை, பாத்திரம் கழுவத்தான். தம்பி பிடித்தது அந்தக் குழாயில். நல்ல தண்ணீரைப் பிடித்துக் கொடுத்து மறுபடி செய்யச் சொன்னேன். லேசாக மஞ்சள் ஓடியதோடு சரி. அடுத்து, அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை தூள் உப்பைப் போட்டுக் கலக்கி நீட்டினேன். "வேண்டாம் அக்கா" என்றார். வைத்தே ஆக வேண்டும் என்றேன். அரை நிமிடத்தில் அதிலும் அதே சகதி.

சங்கதி இதுதான். அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு அரித்துக் கரைந்து துருவாகப் படியும். டம்ளரில் தெரிந்த அழுக்கு தண்ணீருடையது அல்ல, கம்பியுடையது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே இருக்கும். தம்பியைக் கோபித்துக்கொள்ளவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன். அவருக்கும் மாத இலக்கு இருக்கும்.

மறுநாள் 250 ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் நனைத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். நல்ல தண்ணீர்: 38. உப்புத் தண்ணீர்: 1,120. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 2,000 வரை. 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்ய விதிமுறை கொண்டுவரும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதும் இதனால்தான். தண்ணீரை வீணடிக்கும் இயந்திரம் அது. தேவையில்லாத இடத்தில் எதற்கு? எங்களுடையது வெறும் 38. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் காட்டில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நமக்கு வருகிற சிறுவாணித் தண்ணீர். அதற்கு ஆர்.ஓ. போடுவது சலித்த மாவைத் திரும்பச் சலிக்கிற வேலை. மாவு குறையும், ருசியும் போகும்.

ஆனால் மீட்டர் காட்டிய 38ஐ நம்பி அப்படியே குடித்துவிடக் கூடாது. மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும்தான். கிருமி இருந்தால் சொல்லாது. சர்க்கரையைக் கரைத்து வைத்தாலும் ஏறக்குறைய அதே எண்தான். நான் செய்து பார்த்தேன்.

கிருமிக்கு வேறு சோதனை. உள்ளே மருந்து தோய்த்த காகிதம் வைத்த சிறிய குப்பிகள் கிடைக்கின்றன, ஹைட்ரஜன் சல்பைடு சோதனை என்பார்கள். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று பொருள். மூன்று குப்பி வாங்கினேன். தெருக்குழாயில் நேராகப் பிடித்த தண்ணீர்: நிறம் மாறவில்லை. கீழ்த்தொட்டி: மாறவில்லை. மொட்டைமாடி டேங்க் வழியாகச் சமையலறைக்கு வந்த அதே நல்ல தண்ணீர்: இரண்டாம் நாள் காலையில் மை மாதிரி கறுத்திருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் டேங்க் மூடி பாதி விலகி, விளிம்பெல்லாம் புறா எச்சம்.

எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் தினமும் வருவதில்லை. வரும்போது பிடித்து நாள்கணக்கில் தேக்கி வைத்துக்கொள்கிறோம். கெடுவது அந்த இடத்தில். மலையிலிருந்து இத்தனை தூரம் பத்திரமாக வந்த தண்ணீரை எங்கள் மொட்டைமாடியில் நாங்களே கெடுத்திருக்கிறோம். வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் குப்பியைக் காட்டினேன். டைல்ஸைப் பற்றி அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே டேங்க் கழுவி, மூடிக்குக் கம்பி கட்டியாயிற்று.

ஆக, எனக்கு வேண்டியது உப்பை எடுக்கும் கருவி அல்ல. மண்ணையும் கிருமியையும் நிறுத்தும் கருவி. இது தெரிந்தபின் கடைக்குப் போவது சுலபமாகிவிட்டது. மின்சாரத்தில் ஓடும் மேசை ஆர்.ஓ. கழிந்தது. கரித்தூள் அடைத்த ஜாடி வகை குளோரின் வாடையை எடுக்கும், கிருமியை நிறுத்தும் என்று நம்ப முடியாது, அதுவும் கழிந்தது. காரநீர், ஆல்கலைன் என்று இரட்டை விலைக்கு ஒன்று காட்டினார்கள். வயிற்று அமிலத்துக்குள் போனால் அது கடலில் கரைத்த பெருங்காயம். செம்பு ஃபில்டர் பார்க்க லட்சணமாக இருந்தது. வாராவாரம் புளி போட்டு விளக்க என் மாமியார் தயார், நான் இல்லை.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, யு.எஃப். (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்) என்ற நுண்துளைச் சவ்வு வைத்த பிளாஸ்டிக் ஃபில்டர். கரண்ட் வேண்டாம், மேலே ஊற்றினால் கீழே இறங்கும். வைக்கோல் போன்ற மெல்லிய குழல்களின் சுவரில் உள்ள துளைகள் 0.1 மைக்ரானுக்கும் குறைவு, பாக்டீரியா நுழையாது. இந்த ஊற்றி வைக்கும் வகையில் பெரிய கம்பெனிப் பொருளாக முதலில் பெயர் வாங்கியது ப்யூரிட். 2004இல் சென்னையில்தான் அறிமுகமானது. அதில் குளோரின் மருந்துக் கட்டு உண்டு, தீர்ந்தால் தண்ணீர் தானே நின்றுவிடும். அம்மா வீட்டில் நெடுநாள் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தந்தக் கம்பெனி கட்டு அந்தந்தப் பெட்டிக்கு மட்டும்தான் பொருந்தும். மாதிரியை நிறுத்திவிட்டால் பெட்டியே குப்பை.

இரண்டாவது, நம் பாட்டி காலத்து எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர். கேண்டில் என்பது மெழுகுவத்தி போல நிற்கும் பீங்கான் வடிகட்டி, தண்ணீர் அதன் நுண்துளைகள் வழியாகக் கீழ்ப் பாத்திரத்துக்கு இறங்கும். பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடைப் பெரியவர் அதைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது அம்மிணி? ஒரு குழாய், ரெண்டு கேண்டில், நாலு வாஷர். எந்த ஊரிலும் கிடைக்கும்." கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லி விற்றவர் அவர் ஒருவர்தான். மேலே 10 லிட்டர், கீழே 10 லிட்டர், இரண்டு பீங்கான் கேண்டில். 2,850 ரூபாய்.

வீட்டுக்கு வந்து மேடையில் வைத்தால், தலைக்கு மேல் இருந்த அலமாரிக்கும் ஃபில்டர் மூடிக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடைவெளி. மூடியைத் திறக்க முடியவில்லை. கல்லாவில் காசு எண்ணுகிறவளுக்கு மேடையை அளந்துகொண்டு போகத் தோன்றவில்லை. ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன். வாங்கப் போகிறவர்கள் ஃபில்டரின் உயரத்தோடு, ஒரு செம்பைத் தூக்கி ஊற்றும் இடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். குழாய்க்குக் கீழே டம்ளர் நுழைகிறதா, குடம் நுழைகிறதா என்றும் பாருங்கள். எங்களுடையதில் டம்ளர்தான் நுழைந்தது. 300 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்ட் போட்டதும் சொம்பு நுழைகிறது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். ஆனி மாதம், மலையில் மழை பிடித்து, குழாயில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்தது. ஃபில்டரில் இருந்து பிடித்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பார்த்தால் அதிலும் அதே கலங்கல். மேல் பாத்திரத்தைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். கேண்டில் அடித்தட்டுக்கும் பாத்திரத்துக்கும் இடையே உட்கார வேண்டிய ரப்பர் வாஷரை, நான் பாத்திரத்துக்கு வெளியே, திருகுக்கு மேல் போட்டிருக்கிறேன். தண்ணீர் கேண்டிலுக்குள் போகாமல், துளையின் ஓரமாகவே கசிந்து கீழே இறங்கியிருக்கிறது. மூன்று வாரம் வடிகட்டாத தண்ணீரை வடிகட்டியதாக நினைத்துக் குடித்திருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, புண்ணியம். வாஷரை உள்ளே போட்டு, கையால் இறுக்கியபின் கலங்கல் நின்றது. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பீங்கான் விரிந்துவிடும், கை போதும். குப்பிச் சோதனையும் செய்தேன். இரண்டு நாள் ஆகியும் கறுக்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. மெதுவாக இறங்கும். மேல் பாத்திரத்தை இரவு ஒன்பது மணிக்கு நிரப்பினால் விடியற்காலையில்தான் முழுதும் இறங்கியிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை கேண்டிலை வெளியே எடுத்து, நார் வைத்துத் தண்ணீரில் மட்டும் தேய்க்க வேண்டும். சோப்புப் போட்டால் துளைகள் உறிஞ்சிக்கொண்டு நாள்கணக்கில் வாடை வீசும். தேய்க்கத் தேய்க்கக் கேண்டில் மெலியும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். கீழ்ப் பாத்திரத்தையும் வாராவாரம் கழுவ வேண்டும், இல்லையென்றால் விரலில் வழவழக்கும். முக்கியமான குறை, பீங்கான் பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸ் அதைவிடப் பலமடங்கு சிறியது, நழுவிவிடும். ஆகவே மழைக்காலத்திலும், தெருவில் யாருக்காவது மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டாலும், இறக்கிய தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்கள் வேறு வகை பார்க்கலாம்.

கணக்கு: ஃபில்டர் 2,850, ஒருமுறை மாற்றிய கேண்டில் இரண்டும் 440. மொத்தம் 3,290. ஸ்டாண்டைச் சேர்க்கவில்லை, அது மேடையின் தவறு. தினம் 10 லிட்டர் என்றால் இரண்டு வருடத்தில் 7,300 லிட்டர். லிட்டருக்கு 45 காசு. 20 லிட்டர் கேன் 40 ரூபாய்க்குப் போடுகிறார்கள். அது லிட்டருக்கு 2 ரூபாய்.

ஆர்.ஓ.வுக்கு நான் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பல்லடத்தில் என் நாத்தனார் வீட்டில் போர் தண்ணீர்தான் குடிக்க. மீட்டரை நனைத்தபோது 1,480 காட்டியது. பருப்பு வேகாது, டீ திரிந்த மாதிரி நிற்கும். கேண்டில் ஃபில்டர் அங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை. கரைந்த உப்பு பீங்கானைத் தாண்டிப் போய்விடும். முதலில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன், பிறகு மேசை ஆர்.ஓ. வாங்கச் சொன்னேன். என் சூலூர்ப் பெட்டியைக் கொடுத்திருக்கலாம், ஆனால் அவர்களுக்கும் வாடகை வீடு, அங்கேயும் டைல்ஸ். ஒரு குடம் நல்லது கிடைக்க மூன்று குடம் கழிவு போகிறது. அதைப் பிடித்துக் குளியலறை கழுவுகிறாள், செடிக்கு ஊற்றுவதில்லை.

அவளுக்கு ஆர்.ஓ. தண்ணீர் சுத்தம்தான், ருசி மட்டும் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் திரும்பும்போது ஐந்து லிட்டர் கேன் இரண்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை பஸ்ஸுக்கு எட்டரைக்கே கேனைக் குழாயடியில் வைத்தாள். காலைச் சமையல்போகக் கீழே மூன்று லிட்டர்தான் மிச்சம். அது தீர்ந்ததும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. குழாயில் நேராகப் பிடித்துக்கொள், ஊரில் கொதிக்க வைத்துக்கொள்ளலாம் என்றேன். கேட்கவில்லை, ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். முதல் கேன் நிரம்பியபோது மணி பத்தே கால்.