நிர்வாகக் குழுவா, ஞாயிற்றுக்கிழமைத் தொண்டா?

சேலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில், நிர்வாகக் குழு, ஞாயிற்றுக்கிழமைகளில் நேரடித் தொண்டு என்று நான் இரண்டு வேலையும் பார்த்திருக்கிறேன். நேரடித் தொண்டில் பலன் அன்றைக்கே கண்ணில் படும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மகனை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்த ஓர் அம்மாவுக்கு யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். "இனிமே அலையத் தேவையில்லீங்களா?" என்று கேட்டார். அந்த முகம் மறக்காது.

நிர்வாகக் குழுவில் தணிக்கை அறிக்கை, சம்பளப் பட்டியல், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்கும் பதிவுச் சான்று என்று காகிதம்தான். ஆனால் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளப் பிரச்சினை அங்கேதான் தீர்ந்தது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். எங்களுடையது 6 அடிதான். சக்கர நாற்காலியைத் தள்ளும்போதெல்லாம் பின்னால் சரியும், கை நடுங்கும். பல மாதம் சொல்லியும் நடக்காதது, குழுவில் உட்கார்ந்து பணம் ஒதுக்கச் சொன்ன பிறகு நடந்தது.

என்னைக் கேட்டால், முதல் 6 மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் போங்கள், அப்புறம் குழு. அந்தக் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லையென்றால், சேரும்போதே ஏன் என்று கேளுங்கள்.